அம்மா கொடுத்த சிறுநீரகம்தானே, இன்னும் எதற்கு மாத்திரை?

வந்த கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

எழுதியவருக்கு வயது 31. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு அம்மாவின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அன்று முதல் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், குறைந்த அளவில் பிரெட்னிசோலோன் என, புதிய உறுப்பை உடல் எதிர்க்காமல் தடுக்கும் மூன்று மருந்துகள் எடுத்துவருகிறார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் ஒருமுறைகூட 1.2-ஐத் தாண்டியதில்லை. ஆனால் கை நடுங்குகிறது, முடி கொட்டுகிறது, ஒரு வருடமாகச் சர்க்கரையும் ஏறிவருகிறது. கல்லீரல் மாற்று செய்துகொண்ட நண்பர் ஒருவருக்கு மருத்துவர்களே மருந்துகளை நிறுத்தியிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு, நான்கு மாதங்களாக இவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவு மாத்திரையை விட்டுவிடுகிறார். வீட்டுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நடுவில், தெம்பு வரட்டும் என்று எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மூலிகைப் பொடி ஒன்றும் சாப்பிடுகிறார்.

அவர் எழுதிய வரிகள் இவை: “பத்து மாதம் அம்மா வயிற்றில் இருந்தேன். அவருடைய சிறுநீரகத்தை என் உடம்பு எப்படி எதிரியாக நினைக்கும்? ரத்தப் பிரிவும் ஒன்றுதான். இத்தனை வருடத்தில் ஏற்றுக்கொண்டிருக்காதா? ஏற்றுக்கொண்டதா என்று பார்க்கச் சோதனை ஏதாவது உண்டா? அப்படியே இது போய்விட்டாலும் கொடுக்க அண்ணன் தயாராக இருக்கிறார்.”

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இன்று இரவு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான அளவு போதும், விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். பொடியை இன்றே நிறுத்துங்கள். மீதியை அதன்பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 26 வயதில் தொடங்கி, காலையும் இரவும் கடிகாரம் பார்த்து மருந்து எடுக்கும் ஒருவருக்கு ‘இது இன்னும் எத்தனை நாள்’ என்று தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. நீங்கள் கேட்பதும் நல்ல கேள்விகள். வேற்று உறுப்பை உடல் எப்போது பொறுத்துக்கொள்கிறது என்பதற்கு மருத்துவம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடுகிறது. ஓரளவு கிடைத்தும் இருக்கிறது. அந்த விடை உங்கள் விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதைத்தான் விளக்க முயல்கிறேன்.

பத்து மாதம் சுமந்தவரின் உறுப்பு

ரத்தப் பிரிவு பொருந்துவது முதல் படி மட்டுமே. உங்கள் உடல் தன்னுடையது எது, அயலானது எது என்று பிரித்தறிவது பெரும்பாலும் ஹெச்எல்ஏ என்ற புரதங்களை வைத்து. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், பொதுவாக ஒரே தொகுப்பாகத்தான் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. உங்கள் அம்மாவிடம் இரண்டு தொகுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று உங்களுக்கு வந்தது. உங்களுடைய மற்றொரு தொகுப்பு அப்பாவுடையது. ஆக, அம்மாவின் இரண்டாவது தொகுப்பு உங்களுக்கு அயலானது. பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் ஒவ்வொரு செல்லும் அந்த அயல் தொகுப்பையும் வெளியே காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பாசத்தில் பாதி முழுது என்று கிடையாது. ஹெச்எல்ஏ கணக்கில் அம்மாவும் பிள்ளையும் பாதிப் பொருத்தம்தான்.

முழுப் பொருத்தம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழு செய்த அறுவை சாட்சி. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் போனது. எதிர்ப்பைத் தணிக்க எந்த மருந்தும் தரவில்லை. சிறுநீரகம் வேலை செய்தது. அங்கே உடல் பெருந்தன்மை காட்டியது என்று சொல்ல முடியாது, எதிர்ப்பதற்கு வித்தியாசமே இல்லை.

ஆனால் உங்கள் ‘பத்து மாதம்’ வாதத்தை அப்படியே தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதில் உண்மையான உயிரியல் இருக்கிறது. கருவில் இருக்கும்போது தாயின் செல்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குள் வருகின்றன. பிறந்து பல ஆண்டுகள் கழித்தும் அவற்றில் சில உடலில் தங்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அந்தச் செல்களை எதிர்க்காமல் இருக்க, எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் (டி செல் என்பது ஒருவகை வெள்ளணு) கருவிலேயே உருவாவதும் தெரியவந்திருக்கிறது. 1998-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. உடன்பிறந்தவர் தந்த சிறுநீரகத்தில் உள்ள அயல் தொகுப்பு அப்பாவழி வந்ததாக இருந்ததைவிட, அம்மாவழி வந்ததாக இருந்தபோது அது அதிக காலம் நீடித்தது. கருப்பையின் நினைவு ஏதோ ஒரு வகையில் உடலில் தங்குகிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் அதே சலுகை தாயே நேரடியாகத் தந்த சிறுநீரகத்துக்குத் தெளிவாகக் கிடைப்பதாகத் தெரியவில்லை. எப்படியானாலும் அந்தச் சாய்வு மருந்தோடு சேர்ந்து உதவக்கூடியது. மருந்தின் இடத்தை அது நிரப்பாது.

‘கிரியேட்டினின் நன்றாக இருக்கிறதே?’

நன்றாக இருப்பது டாக்ரோலிமஸ் வேலை செய்வதால். அயல் உறுப்பைக் கண்ட டி செல், ‘பெருகு’ என்ற கட்டளையாக இன்டர்லூகின்-2 என்ற பொருளைச் சுரக்க வேண்டும். அந்தக் கட்டளை எழுதப்படாமல் தடுப்பதுதான் டாக்ரோலிமஸ். அயல் தொகுப்பை அடையாளம் காணும் டி செல்கள் உங்கள் உடலில் இன்னமும் இருக்கின்றன. மருந்தின் அளவு இறங்கினால் அவை பெருகத் தொடங்கலாம்.

இதற்கும் உண்மையான சகிப்புக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய பரிசோதனை உதவும். 1953-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவாரும் அவருடன் இருவரும், கருவில் இருந்த எலிக்குட்டிகளுக்கு வேறு இன எலியின் செல்களைச் செலுத்தினார்கள். அவை வளர்ந்த பின் அதே இனத்தின் தோலை ஒட்டியபோது, எந்த மருந்தும் இல்லாமல் பல எலிகள் ஏற்றுக்கொண்டன. மற்ற இனத் தோலை வழக்கம்போல் நிராகரித்தன. எதிர்ப்பு சக்தி குறையவில்லை. அந்த ஒரு கொடையாளரிடம் மட்டும் சண்டை இல்லை. நாங்கள் சகிப்பு என்று சொல்வது இதைத்தான். மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் மனிதருக்கு ஏன் வாய்க்கவில்லை? வயதுவந்த மனிதரின் எதிர்ப்பு மண்டலம் கருவில் உள்ள எலியுடையதைப் போல வெற்றுப் பலகை அல்ல. இத்தனை ஆண்டுகளில் உங்களுக்கு வந்த ஒவ்வொரு வைரஸ் காய்ச்சலும் நினைவு டி செல்களை விட்டுச் சென்றிருக்கிறது. வைரஸை அடையாளம் கண்ட அதே செல், தற்செயலாக அயல் ஹெச்எல்ஏ-வையும் எதிரியாகக் காணலாம். நினைவு செல்கள் சீக்கிரம் விழித்துக்கொள்பவை, மருந்துக்கும் அவ்வளவு எளிதில் அடங்காதவை. ஆய்வகத்தின் சுத்தமான கூண்டில் வளர்ந்த எலியிடம் இவை மிகக் குறைவு. எலியில் வெற்றி கண்ட பல முறைகள் மனிதரிடம் தோற்றதற்கு இது முக்கியக் காரணம்.

‘இத்தனை வருடத்தில்’ என்ற உங்கள் ஊகத்திலும் பாதி சரி. புதிய உறுப்போடு சேர்ந்து கொடையாளரின் எதிர்ப்பு செல்களும் கொஞ்சம் உள்ளே வருகின்றன. முதல் சில மாதங்களில் கிளம்பும் கடுமையான எதிர்ப்புக்கு இவை பெரிய காரணம். நாளடைவில் இவை மறைகின்றன, அந்த ஆபத்தும் தணிகிறது. அதனால்தான் முதல் ஆண்டுக்குப் பிறகு உங்கள் மருந்தளவு குறைக்கப்பட்டது. ஆனால் இரண்டாவது வழி ஒன்று மூடுவதே இல்லை. சிறுநீரகத்திலிருந்து உதிரும் புரதத் துணுக்குகளை உங்கள் சொந்த செல்களே எடுத்து டி செல்களிடம் காட்டுகின்றன. சிறுநீரகம் இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். ஆன்டிபாடிகள் (அயலானதைத் தாக்க உடல் உருவாக்கும் புரதங்கள்) உருவாகி, ஆண்டுக்கணக்கில் நுண்ணிய ரத்தக்குழாய்களை அரிக்கும் நாள்பட்ட நிராகரிப்பு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கிரியேட்டினின் ஏறும்போது சேதம் ஏற்கெனவே ஆழமாகப் போயிருக்கும். கிரியேட்டினின் சரியாக இருந்தும், சிறுநீரகத்தில் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் நிராகரிப்பு தெரிவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒன்று.

நீங்கள் செய்வது போல விட்டுவிட்டு எடுப்பது எனக்கு ஏன் கவலை தருகிறது என்றால், டாக்ரோலிமஸ் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்களிடம் ஆன்டிபாடிகளும் சிறுநீரக இழப்பும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொன்று: பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் ஒழுங்காக எடுத்திருந்தால் ரத்தத்தில் அளவு சரியாகவே தெரியும். உங்கள் மருத்துவர் அந்த எண்ணை நம்பி முடிவெடுத்துக்கொண்டிருப்பார்.

நண்பருக்கு நிறுத்தினார்களே?

நிறுத்தியிருப்பார்கள், நம்புகிறேன். ஆனால் அவருக்குப் பொருத்தியது கல்லீரல். எந்த உறுப்பு என்பது சகிப்பைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய காரணங்களில் ஒன்று. தோல், குடல், நுரையீரல் ஆகியவை கடுமையான எதிர்ப்பைக் கிளப்புபவை. சிறுநீரகமும் இதயமும் நடுவில். கல்லீரல் மறுமுனையில். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதில் உணவின் துணுக்குகளும் கிருமிகளின் துணுக்குகளும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டால் கல்லீரல் பிழைக்காது. அதனால் எதிர்ப்பைத் தணிக்கும் சூழல் அங்கே இயல்பாகவே இருக்கிறது, சேதமானால் மீண்டும் வளரும் திறனும் உண்டு. 1969-இலேயே பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ராய் கால்னின் குழு, பன்றிகளில் மாற்றுக் கல்லீரல் மருந்தில்லாமலே நிலைப்பதைப் பதிவு செய்தது. பெற்றோரிடமிருந்து கல்லீரல் பெற்ற குழந்தைகள் 20 பேரிடம் மருந்தை நிறுத்திப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. 12 பேர் மருந்தின்றி நன்றாக இருந்தார்கள்.

அந்த 20 பேரும் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மருந்தை எட்டு மாதத்துக்கும் மேலாகப் படிப்படியாகக் குறைத்து, அடிக்கடி ரத்தம் பார்த்து, பயாப்ஸி எடுத்து நடத்திய முயற்சி அது. அப்படியும் எட்டுப் பேருக்கு முடியவில்லை. உங்கள் நண்பருக்கும் இப்படி ஒரு கண்காணிப்பு இருந்திருக்கும். இரவு மாத்திரையைத் தனியாக விட்டுப் பார்ப்பது இதன் அருகில்கூட வராது.

சிறுநீரகத்திலும் மருந்தே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நலமாக இருப்பவர்கள் உலகில் உண்டு. மிகச் சிலர். நிறுத்தியதால் சிறுநீரகத்தை இழந்தவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அவர்கள் கதை மட்டும் யார் காதுக்கும் வந்து சேர்வதில்லை.

சோதனை உண்டா?

‘உங்களுக்குச் சகிப்பு வந்துவிட்டது, நிறுத்தலாம்’ என்று உறுதியாகச் சொல்லும் சோதனை சிறுநீரக நோயாளிகளுக்கு இன்று கிடையாது. மருந்தில்லாமல் வாழும் அந்தச் சிலரை ஆராய்ந்தபோது, அவர்கள் ரத்தத்தில், ஆன்டிபாடிகளுக்கு மூலமான பி செல்கள் சார்ந்த ஒரு தனி அடையாளம் தெரிந்தது. 2010-இல் இதைப் பற்றி ஆய்வுகள் வந்தன. ஆனால் அதை வைத்து ஒருவருக்கு மருந்தை நிறுத்தும் அளவுக்கு நம்பகம் வரவில்லை.

சகிப்பைத் திட்டமிட்டே உருவாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. பாஸ்டனில் ஒரு குழு, பாதி மட்டும் பொருந்திய கொடையாளர்களிடமிருந்து சிறுநீரகத்தோடு எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துப் பொருத்தியது. 2008-இல் அவர்கள் வெளியிட்ட ஐந்து பேரில் நான்கு பேர் மருந்தை நிறுத்த முடிந்தது. ஒருவர் சிறுநீரகத்தை இழந்தார். இதற்கு அறுவைக்கு முன்பே கடுமையான தயாரிப்பு சிகிச்சை தேவை, தொற்று ஆபத்தும் உண்டு. ஐந்து ஆண்டுக்கு முன் வழக்கமான முறையில் அறுவை செய்துகொண்ட உங்களுக்கு அது இப்போது வழக்கமான வழி ஆகாது. அடக்கும் டி செல்களை ஆய்வகத்தில் வளர்த்துச் செலுத்தும் சிகிச்சையும் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. அந்தச் செல்களைக் கண்டறிந்ததற்கும் அவற்றை இயக்கும் மரபணுவை விளக்கியதற்கும்தான் 2025-இல் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல் கிடைத்தது. உங்கள் வயதுக்கு இந்தத் துறையின் பலன் எட்டும் என்று மனதார நம்புகிறேன். அதுவரை சிறுநீரகம் உங்களிடம் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

அண்ணனை நம்பி இதை விடலாமா?

கடிதத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்த வரி இதுதான். ஒரு சிறுநீரகம் நிராகரிக்கப்பட்டால், பழைய இடத்துக்குத் திரும்பி இன்னொன்று பொருத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். பழைய இடம் அங்கே இருக்காது. நிராகரிப்பு நடந்த உடலில், அம்மாவின் அந்த அயல் தொகுப்புக்கு எதிராக ஆன்டிபாடிகளும் நினைவு செல்களும் உருவாகிவிடலாம்.

இப்போது உங்கள் அண்ணனைப் பாருங்கள். அம்மாவின் இரண்டு தொகுப்புகளில் உங்களுக்கு வராத அந்த இரண்டாவது, அவருக்கு வந்திருக்க ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு. அப்படியானால் அம்மாவின் சிறுநீரகத்துக்கு எதிராக உருவான ஆன்டிபாடிகள் அண்ணனின் சிறுநீரகத்தையும் தாக்கும். உங்கள் ரத்தம் அவர் செல்களைத் தாக்குமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை பாசிட்டிவ் என்று வந்து, மனமிருந்தும் அவரால் கொடுக்க முடியாமல் போகலாம். மேலே சொன்ன 1998 ஆய்வின்படி, உங்களுக்கு வராத அம்மாவழித் தொகுப்பு கொண்ட உடன்பிறந்தவர் நல்ல கொடையாளர். ஆன்டிபாடி வந்தபிறகு அதே தொகுப்பே தடையாகிவிடும். அண்ணன் உங்களோடு முழுதும் பொருந்துபவராக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அறுவைக்கு முன் அவருக்கும் ஹெச்எல்ஏ பார்த்திருந்தால் அந்த அறிக்கை கோப்பில் இருக்கும். வாங்கிப் பாருங்கள்.

வெளியிலிருந்து வேறு கொடையாளர் கிடைப்பதும், ஆன்டிபாடி மிகுந்தவர்களுக்குக் கடினம். இடையில் டயாலிசிஸில் காத்திருக்க வேண்டும். ரத்தம் ஏற்றுவதும் இதேபோல ஆன்டிபாடிகளைக் கிளப்பும் என்பதால், எப்போதாவது ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் மாற்று சிறுநீரகம் உள்ளவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

இந்த வாரமே போய், நான்கு மாதமாக விட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழுமோ என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் தெரியாவிட்டால் அவர் எதைத் தேட வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. டாக்ரோலிமஸ் அளவு (காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில்), சிறுநீரில் புரதம், கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி, மாற்றுச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய பி.கே. வைரஸ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆன்டிபாடி இருந்தால் பயாப்ஸி தேவைப்படலாம். சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது.

அடுத்தது பக்கவிளைவு. அதைச் சகித்துக்கொண்டே வாழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மருந்தை மாற்றக் கேட்பது உங்கள் உரிமை. கை நடுக்கம் பெரும்பாலும் டாக்ரோலிமஸின் அளவைப் பொறுத்தது. அளவைச் சற்றுக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் வகையும் உண்டு. இரவு மாத்திரைதான் உங்களுக்குப் பாரம் என்றால் இதை முதலில் கேளுங்கள். சர்க்கரை ஏறுவதற்கு டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் இரண்டுமே காரணமாக இருக்கலாம். சிலருக்கு டாக்ரோலிமஸுக்குப் பதிலாக சைக்ளோஸ்போரின், இன்னும் சிலருக்கு மாதம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் பெலாட்டாசெப்ட் பொருந்தும். இவை ஒவ்வொன்றிலும் லாபமும் உண்டு, நிராகரிப்பு ஆபத்தில் வித்தியாசமும் உண்டு. ஆன்டிபாடி முடிவு வந்தபிறகு எடுக்க வேண்டிய முடிவு இது. உங்கள் மருத்துவர் பேசவே இடம் கொடுக்கவில்லை என்றால், கோப்பின் நகலோடு இன்னொரு மாற்று அறுவை மையத்தில் இரண்டாவது கருத்து கேளுங்கள். அதில் தவறே இல்லை.

அப்புறம் அந்தப் பொடி. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லும் எதுவும், அதையே தணிக்க நீங்கள் எடுக்கும் மருந்துக்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அது தவிர, பல மூலிகைகள் கல்லீரல் டாக்ரோலிமஸைக் கையாளும் வேகத்தை மாற்றிவிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ரத்தத்தில் மருந்தளவை இறக்கும். கிரேப்ஃப்ரூட் என்ற புளிப்புப் பழம் (திராட்சை அல்ல, பம்ளிமாஸுக்கு உறவு) ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வெகுவாக இறக்கும், கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் போன்றவை ஏற்றும். பல்வலிக்குப் போனாலும் சரி, சளிக்குப் போனாலும் சரி, புது மருந்து எழுதும்போது ‘டாக்ரோலிமஸ் எடுக்கிறேன்’ என்று சொல்லுங்கள். பொடியின் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அதில் எழுதியிருப்பதை மருத்துவர் பார்க்கட்டும்.